விடுபட்ட ஐந்தாவது தட்டு

இசையமைப்பாளர் ராகதீபன் அதுவரை தொள்ளாயிரத்துப் பதினேழு பாட்டுகளுக்கு இசையமைத்திருந்தார். அதில் தொள்ளாயிரத்துப் பதினாறு பாட்டுகள் எங்கிருந்து வந்தவை என்று அவருக்கு நன்றாகவே தெரியும். துருக்கியிலிருந்து கொஞ்சம், மொராக்கோவிலிருந்து கொஞ்சம், பின்லாந்தில் யாரோ மீன் பிடிக்கும்போது பாடியது ஒன்று. உள்ளூர் ஆளின் மெட்டில் கைவைக்கக் கூடாது என்பது அவருடைய ஒழுக்கம். கடல் தாண்டி எடுத்தால் அது திருட்டில்லை, இறக்குமதி என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நாற்பது வருஷமாக நிம்மதியாக இருந்தார்.

பெயர்கூடச் சொந்தமில்லை. பெற்றவர்கள் வைத்தது சுப்புக்காளை. 'ராகதீபன்' என்பது சாத்தூர்ப் பக்கம் நொடித்துப்போன ஒரு மெல்லிசைக் குழுவின் பெயர்ப்பலகையில் இருந்தது. பலகை சும்மாதானே கிடக்கிறது என்று எடுத்துக்கொண்டார். தலைமுடி விக். அதைப் பற்றிப் பேசாமல் விடுவது மரியாதை.

ஆனால் ஒரே ஒரு பாட்டு மட்டும் வேறு. 'சாரல் நின்ன சாயங்காலம்'. அவர் பெயர் வெளியே தெரிய வந்ததே அந்தப் பாட்டால்தான். சாலிகிராமத்து ஒற்றை அறையில், ஸ்டவ்வில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தபோது அந்த மெட்டு தானாக வந்தது. எந்த நாட்டு ரெக்கார்டையும் கேட்கவில்லை. சத்தியமாக அவருடையது. அதில் ஒரு விசேஷம் உண்டு. நாலு தட்டு வந்ததும் ஐந்தாவது தட்டு வரவேண்டிய இடத்தில் வராது. சின்னதாக ஒரு பள்ளம். பிறகு ஆறாவது தட்டு. கேட்கிறவர்களுக்கு அந்த இடத்தில் நெஞ்சு ஒரு கணம் நின்றுவிட்டுப் போகும். அதைப் பற்றிக் கேட்டபோதெல்லாம், "அது பிரிந்துபோன ஒருத்தியின் மௌனம்" என்று கண்ணை மூடிக்கொண்டு பேட்டி கொடுத்தார். அவரை விட்டுப் பிரிந்து போகிற அளவுக்கு எந்தப் பெண்ணும் அவர் பக்கத்தில் வந்ததே இல்லை என்பது வேறு விஷயம். அந்த மௌனத்தை ஆராய்ந்து இரண்டு பேர் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டார்கள்.

இப்படிப்பட்டவர்தான் திருட்டுப் பதிவு ஒழிப்புக் கழகத்தின் ஆயுள் தலைவர். மனுஷருக்குக் கூச்சம் என்பதே கிடையாதா என்று நீங்கள் கேட்கலாம். அவரே சில சமயம் கேட்டுக்கொள்வார், பதில் வருவதற்குள் வேறு வேலை வந்துவிடும்.

கழகம் பதினைந்து வருஷம் அரசாங்கத்தைப் படுத்திய பாட்டில்தான் 'ஊற்று' வந்தது. நாட்டில் இதுவரை பதிவான எல்லாப் பாட்டையும் சத்தத்தையும் விழுங்கி வைத்திருக்கிற இயந்திரம். எந்த மெட்டைக் கொடுத்தாலும் அது முதன்முதலில் பதிவானது எங்கே, யார் கையால் என்று சொல்லிவிடும். அதை ஒட்டியே பெயர் மீட்புச் சட்டமும் வந்தது. ஜெயில் கிடையாது, அபராதம் கிடையாது. இப்போது எல்லோர் காதிலும் செவிமணி இருக்கிறதல்லவா, அதில் பாட்டு ஓடும்முன் மூலக்காரர் பெயரை ஒரு பெண் குரல் சொல்லும். மூலத்தை மறைத்திருந்தால் மறைத்தவர் பெயரையும் சேர்த்துச் சொல்லும். அவ்வளவுதான் தண்டனை.

இயந்திரத்தைச் செய்தவள் மெஹருன்னிசா. திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் ராகதீபன் அவளோடு அதில் எரியும் விளக்கு நிறத்துக்காகச் சண்டை போட்டார்.

"அதென்னம்மா, திருட்டு சிடி போட்டவனுக்கு மஞ்சள் விளக்கு, மெட்டை எடுத்தவனுக்குச் சிவப்பு விளக்கு? திருட்டுல என்ன கலர் வேண்டிக்கிடக்கு?"

"ரெண்டும் வேற சார். திருட்டு சிடிக்காரன் உங்க பாட்டை உங்க பாட்டுன்னு சொல்லித்தான் விப்பான். உங்களுக்கு வரவேண்டியது வராது, அது நஷ்டம். மெட்டை எடுக்கறவன் பாட்டை உங்ககிட்டயே விட்டுட்டு, செஞ்சது நீங்கங்கறதை மட்டும் எடுத்துட்டுப் போறான்."

"அது பெரிய குத்தமா?"

"பிள்ளையை ஒருத்தன் கேக்காம கூட்டிட்டுப்போய் ஊர் சுத்திக் காட்டறது ஒண்ணு. இன்னொருத்தன் ஸ்கூல் சர்டிபிகேட்ல அப்பா பேரை மாத்தறது ஒண்ணு. எந்தக் காயம் சார் ஆறும்?"

ராகதீபன் தண்ணீர் குடித்தார். "இது வெளிநாட்டுப் பாட்டையெல்லாம் பாக்குமா?" என்று ரொம்பச் சாதாரணமாகக் கேட்டார்.

"இப்போதைக்கு நம்ம நாட்டுப் பதிவு மட்டும்தான். தை மாசத்துல வெளிநாட்டுக் கிடங்கும் சேந்துடும்."

தை மாதத்துக்கு எட்டு மாதம் இருந்தது. எட்டு மாதத்தில் எத்தனையோ நடக்கலாம், அரசாங்கமே கவிழலாம் என்று அவர் தேற்றிக்கொண்டார். தேற்றிக்கொண்டாலும் உள்ளுக்குள் உதறல்தான். தை பிறந்தால் தொள்ளாயிரத்துப் பதினாறும் போய்விடும். மிஞ்சப்போவது 'சாரல் நின்ன சாயங்காலம்' ஒன்றுதான். அந்த ஒன்று இருந்தால் போதும், நான் வெறும் பெட்டிக்கடை இல்லை, நானும் ஒன்று செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். அதனால்தான் விழா மேடையில், "சோதனைக்கு எந்தப் பாட்டு சார் போடலாம்?" என்று மெஹர் கேட்டபோது, மார்பைத் தட்டிக்கொண்டு அந்தப் பாட்டையே கொடுத்தார்.

அமைச்சர் பொத்தானை அழுத்தினார். பல்லவி ஓடியது. ஐந்தாவது தட்டு வராத இடத்தில் கூட்டம் வழக்கம்போல் மூச்சை இழுத்தது. ராகதீபன் வழக்கம்போல் கண்ணை மூடிக்கொண்டார்.

"மூலம்: ஞானசுந்தரி, சுந்தரி ஆடியோஸ், கோவில்பட்டி. பெயர் நீக்கியவர்: ராகதீபன்."

கண்ணைத் திறந்தால் சிவப்பு விளக்கு எரிகிறது. மேடையில் இருந்த இரண்டாயிரம் வாட் வெளிச்சத்தையும் மீறி அது ஒன்றுதான் அவருக்குத் தெரிந்தது. அமைச்சர் மெதுவாகத் தன் நாற்காலியை ஒரு அடி தள்ளிப் போட்டுக்கொண்டார்.

மெஹர் திரையைப் பார்த்துவிட்டுத் தணிந்த குரலில் சொன்னாள். "உங்க பாட்டுக்கு மூணு வருஷம் முந்தின பதிவு சார். திருட்டு எம்பி3 சிடி ஒண்ணோட ஆரம்பத்துல வர்ற ஏழு விநாடி கீபோர்டு. அப்பல்லாம் ஒருத்தர் போட்ட திருட்டு சிடியை இன்னொருத்தர் திருடி விப்பாங்களாம். அதனால சில கடைக்காரங்க தங்களோட சரக்குன்னு தெரிய சிடி தொடக்கத்துல ஒரு அடையாள மெட்டு வாசிச்சு வெப்பாங்க. இது அது."

ராகதீபனுக்கு அந்தக் கடை ஞாபகம் வந்தது. ஒழிப்புக் கழகம் தொடங்கிய புதிதில் போலீசோடும் கேமராவோடும் அவரே முன்னால் போய்ச் சோதனை போட்ட கடை. தெருவில் சிடிகளைக் கொட்டி மிதித்து நொறுக்கினார். மூன்றாவது மிதியில் வழுக்கி உட்கார்ந்தார், அதைத் தொலைக்காட்சியில் வெட்டிவிட்டார்கள். வெட்டாமல் விட்டது, அந்தக் கடைக்காரப் பெண்ணைப் பார்த்து அவர் "திருடி" என்று கத்தியதை. அவள் நாற்பது நாள் உள்ளே இருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டார். ஆகக்கூடி, அவர் வாழ்க்கையில் செய்த ஒரே சொந்த மெட்டு ஒரு திருட்டு சிடியின் முகப்பு. அட, சொந்தமாக ஒரு திருட்டைக்கூட ஒழுங்காகத் தெரிந்து செய்யவில்லையே என்று அவருக்கே சிரிப்பு வந்தது. சிரித்ததை எல்லாக் கேமராவும் எடுத்தன.

அடுத்த பத்து நாள் ஊரே அவர் பெயரைக் காதில் கேட்டது. டீக்கடை, கல்யாண மண்டபம், பல் டாக்டர் நாற்காலி, எங்கே அந்தப் பாட்டு ஓடினாலும் அதே பெண் குரல். கழகத்தில் அவசரக் கூட்டம் போட்டு அவரைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கினார்கள். கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரும் அவரேதான்.

வக்கீல் பட்டாபி ஒரு வழி கண்டுபிடித்தார். "அண்ணே, சட்டத்துல ஒரு ஓட்டை இருக்கு. மூலக்காரங்களே, 'இவர் முணுமுணுத்ததைக் கேட்டுத்தான் நான் வாசிச்சேன்'னு பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டா, பெயர் உங்களுக்குத் திரும்பிடும். நீங்க அந்தப் பக்கத்து ஆளு. வயசுக் காலத்துல அந்தக் கடைக்குப் போயிருக்கலாம் இல்ல?"

"பாட்டு வாங்கப் பத்துக் கடைக்குப் போயிருப்பேன். எந்தக் கடைன்னு யாருக்குய்யா ஞாபகம்?"

"அதைப் பொய்யின்னு அவங்களும் நிரூபிக்க முடியாதுல்ல? அது போதும். அப்படியே ஒரு பத்திரம் அடிச்சுத் தரேன்."

அப்படித்தான் விக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு, கறுப்புக் கண்ணாடியும் இல்லாமல், யாருக்கும் அடையாளம் தெரியாத வழுக்கைத் தலையோடு ராகதீபன் கோவில்பட்டி பஸ் நிலையத்தில் வந்து இறங்கினார். பையில் பொய்ப் பத்திரம் இருந்தது. நாற்பது நாள் உள்ளே தள்ளியவளிடம் போய்ப் பொய்ச் சாட்சி கேட்கப் போகிறோம் என்பதை நினைத்தபோது கால் கூசியது. இருந்தாலும் நடந்தது.

கடை அதே இடத்தில் இருந்தது. பலகை மட்டும் மாறி, 'சுந்தரி ஜெராக்ஸ்' ஆகியிருந்தது. உலகம் எங்கேயோ போய்விட்டாலும் அரசாங்க ஆபீசில் இன்னும் இரண்டு நகல் கேட்கிறார்கள். எழுபது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஒல்லியான அம்மாள் பழைய கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து ஒரு தடவைதான் பார்த்தார்.

"வாங்க சார். முடி போயிருச்சே?"

"அது எப்பவுமே கிடையாதும்மா" என்றார் ராகதீபன். அந்த ஊரில் கால் வைத்ததும் வாயில் முதலில் வந்தது உண்மையாக இருந்ததில் அவருக்கே ஆச்சரியம்.

ஞானசுந்தரி பக்கத்துக் கடையில் கருப்பட்டிக் காப்பி சொன்னார். கோபமே காட்டவில்லை, அதுதான் உட்கார விடாமல் செய்தது. மகன் கதையைச் சொன்னார். "பெங்களூர்ல இருக்கான். 'எங்க அம்மா ரிட்டயர்டு டீச்சர்'னுதான் சம்பந்தி வீட்டுல சொல்லிவச்சிருந்தான். திருட்டு சிடிக்காரின்னு எப்பிடிச் சொல்லுவான், பாவம். போன வாரம் போன் போட்டு, 'காதுல சொல்லுதே அந்த ஞானசுந்தரி எங்க அம்மாதான்னு சொல்லிட்டேம்மா'ன்னு ஒரே அழுகை. கிறுக்குப் பய."

ராகதீபன் கையைப் பைக்குள் விட்டார், வெளியே எடுத்தார். பிறகு சண்டைக்கு இழுப்பதுதான் லேசு என்று தோன்றியது. "உங்களை மாதிரி ஆளுங்களால எங்க தொழிலே படுத்துருச்சும்மா. என்கிட்ட வயலின் வாசிச்ச நாப்பது பேர்ல முப்பது பேர் வேற வேலைக்குப் போனாங்க. ஒருத்தர் லாட்ஜில ரூம்பாய் ஆனாரு."

ஞானசுந்தரி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"தப்புத்தான் சார். இல்லைங்கமாட்டேன். அடுத்தவுக வயித்துல அடிச்சு என் வயித்தைக் கழுவுனேன். அதுக்குத்தான் உள்ள போனேன், போனது சரிதான்னு எனக்கே தோணும். ஆனா பேர்ல மட்டும் கைவைக்கலை. எழுதுனவுக, பாடுனவுக, புல்லாங்குழல் வாசிச்சவுக வரைக்கும் தேடித் தேடி டைப் அடிப்பேன். கோரஸ் பாடுன பிள்ளைக பேரைக் கம்பெனிக்காரன்கூடப் போடமாட்டான், நான் போட்டேன். நீங்க திருடின்னு சொன்னப்ப, அது ஒண்ணுதான் நெஞ்சுல குத்துச்சு."

ராகதீபன் பத்திரத்தை எடுத்துக் கண்ணாடிப் பெட்டிமேல் வைத்தார். முகத்தைப் பார்க்காமல், "இதுல ஒரு கையெழுத்து வேணும்" என்றார்.

அந்த அம்மாள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சத்தமாகப் படித்தார். "'மேற்படி ராகதீபன் என் கடைக்கு வந்திருந்தபோது முணுமுணுத்த மெட்டைக் கேட்டு, அவர் பெயரைக் குறிப்பிடாமல் நான் கீபோர்டில் வாசித்துப் பதிவு செய்தேன்.' இதை யாரு எழுதுனது?"

"வக்கீல். தப்புதாம்மா. பொய்தான். எனக்கு வேற வழி தெரியலை. தை மாசம் வந்தா எனக்கு ஒண்ணுமே..."

"பொய்யா? எதுக்குப் பொய்ங்கறீக? நடந்ததைத்தானே எழுதியிருக்காக."

ராகதீபன் நிமிர்ந்து பார்த்தார்.

"நீங்க அப்ப சாத்தூர்ல ஏதோ ஆர்கெஸ்ட்ராவுல வாசிச்சிட்டிருந்தீக. துருக்கிப் பாட்டு, கிரீக்குப் பாட்டுன்னு வந்து கேப்பீக. சிடியில பாட்டு ஏறுறதுக்குப் பத்து நிமிசம் ஆகும். அதுவரைக்கும் இந்தப் பெட்டிமேல ரெண்டு விரலால தட்டிக்கிட்டே எதையோ முனங்குவீக. ஒருநா நீங்க போனப்புறமும் அந்த மெட்டு காதை விட்டுப் போகலை. அடையாளத்துக்கு எனக்கும் ஒரு மெட்டு தேவைப்பட்டுச்சு. உங்க பேரு என்னன்னு அப்பத் தெரியாது சார், தெரிஞ்சிருந்தா போட்டிருப்பேன்."

"நானா?"

"இங்க பாருங்க." ஞானசுந்தரி பெட்டிமேல் விரலை வைத்தார். கண்ணாடியில் ஓரத்திலிருந்து நடுவரைக்கும் ஒரு பழைய விரிசல் ஓடியது. "இது நான் கடை வச்ச நாள்ல இருந்தே இருக்கு. நீங்க வரிசையாத் தட்டிக்கிட்டு வருவீக, இந்த விரிசல் வந்ததும் விரலைக் கிழிச்சிடும்னு தூக்கிடுவீக. தாண்டி அந்தப்பக்கம் தட்டுவீக. அதான் அந்த மெட்டுல அஞ்சாவது தட்டு கிடையாது."

ராகதீபன் இரண்டு விரலைப் பெட்டிமேல் வைத்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. விரிசல் வந்ததும் யாரும் சொல்லாமலே விரல் மேலே எழும்பியது. தாண்டிப் போய் ஆறாவதைத் தட்டியது. பிரிந்துபோன ஒருத்தியின் மௌனம், இரண்டு டாக்டர் பட்டம், எல்லாம் ஒரு கண்ணாடி விரிசல். அவருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்னுடையதுதான். நான் செய்ததுதான். பொய் சொல்ல வந்த இடத்தில் மாட்டிக்கொண்ட மாதிரி அந்த உண்மை அவரைப் பிடித்துக்கொண்டது.

"நீங்க ஏம்மா இதை முன்னாடியே சொல்லலை?"

"சோதனைக்கு வந்தப்பவே உங்களை அடையாளம் தெரிஞ்சுச்சு. சொல்லலாம்னு வாயைத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க, 'திருடி, பேசாதே'ன்னுட்டீக. இப்ப பேப்பர்க்காரங்ககிட்டயும் சொன்னேன். பதிவு இருக்கு, உங்க வாய்ப்பேச்சு எதுக்குன்னுட்டாக. கையெழுத்துப் போட்ட தாளு கேட்டு வந்தது நீங்க ஒருத்தர்தான். பேனா கொடுங்க."

ராகதீபன் பேனாவை நீட்டினார். நீட்டும்போதே அவருக்கு அந்தப் பெண் குரல் கேட்டது. இயந்திரத்துக்கு இரண்டே வரிதான் தெரியும். மூலம்: ராகதீபன். பெயர் நீக்கியவர்: ஞானசுந்தரி. எல்லா டீக்கடையிலும், எல்லா மண்டபத்திலும், பெங்களூரில் அந்தக் கிறுக்குப் பயலின் காதிலும். பேர்ல மட்டும் கைவைக்கலை என்று சொன்ன வாய்க்கு எதிராக, ஊர் அறிய இரண்டாம் தடவை 'திருடி' என்று தானே கத்துவது போல இருக்கும். இந்தத் தடவை அதை நிறுத்தவே முடியாது.

ஒருபக்கம் தன் வாழ்க்கையின் ஒரே பாட்டு. தை மாதத்துக்கு மேல் அவர் பெயர் தங்குவதற்கு வேறு இடம் கிடையாது. பேனாவை அந்த அம்மாள் பிடித்துவிட்டார். ராகதீபன் விடவில்லை.

"மன்னிக்கணும்மா. இந்தப் பத்திரம் செல்லாது. முத்திரை தப்பா இருக்கு. வக்கீல் பய அவசரத்துல மாத்திக் கொடுத்துட்டான்."

ஞானசுந்தரி தாளைத் திருப்பிப் பார்த்தார். எத்தனையோ வருஷமாகப் பத்திரங்களுக்கு நகல் எடுக்கிறவர். முத்திரை சரியாகத்தான் இருந்தது.

"சரியாத்தானே இருக்கு சார்?"

"இல்லைம்மா. நான் வேற அடிச்சுக் கொண்டாரேன்."

"வருவீகளா?"

"வரமாட்டேன்" என்றார். வாயைத் திறந்தால் உண்மை வருகிற ஊராக இருக்கிறதே என்று அவருக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. "அன்னைக்குத் திருடின்னு சொன்னது நான்தான். அதைத் திருப்பி எடுத்துக்க வேற வழி தெரியலை. இந்தப் பாட்டு உங்ககிட்டயே இருக்கட்டும்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "உங்க மெட்டு சார் அது" என்றார் மறுபடியும். ராகதீபன் தாளை நாலாகக் கிழித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தார்.

மதுரை பஸ்ஸில் ஜன்னல் ஓரத்து இடம் கிடைத்தது. சாத்தூர் தாண்டும்வரை ரொம்பப் பெருமையாக இருந்தது. எவ்வளவு பெரிய மனசு நமக்கு என்று வியந்துகொண்டே வந்தார். விருதுநகர் வந்தபோது ஒரு சந்தேகம் தட்டியது. இந்தப் பெரிய மனசு யாருக்குத் தெரியும்? ஒருத்தருக்கும் தெரியாது. தெரிவித்தால் அந்த அம்மாள் பெயர் கெடும், தெரிவிக்காவிட்டால் இது நடக்கவே இல்லாத மாதிரி. வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல காரியத்தைச் சொந்தமாகச் செய்து, அதிலும் தன் பெயர் இல்லாமல் போய்விட்டதை நினைத்தபோது வயிறு எரிந்தது. பின்லாந்தில் மீன் பிடித்த மனிதனுக்கும் இப்படித்தானே எரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பாவம், அவனை ஒருநாளும் நினைத்ததே இல்லை.

பக்கத்து இருக்கையில் விதைநெல் மூட்டை வாங்கிக்கொண்டு போகிற ஒருவர் செவிமணியில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முன் இருக்கைக் கம்பியில் விரலால் தட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு, அப்புறம் ஒரு பள்ளம், ஆறு. ராகதீபனுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அது நான்தான் ஐயா, என் விரல்தான் ஐயா என்று அவர் தோளைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. கையை மடியிலேயே வைத்துக்கொண்டார்.

அவர் பார்ப்பதைக் கண்டு அந்த மனிதர் பேச்சுக் கொடுத்தார்.

"நல்ல பாட்டு, இல்லைங்களா?"

"ரொம்ப நல்ல பாட்டு."

"கோவில்பட்டி அம்மா ஒருத்தவங்க போட்டது சார். இத்தனை வருஷமா எவனோ தன்னுதுன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். பெரிய களவாணிப் பயலா இருப்பான் போல."

"ஆமாங்க" என்றார் சுப்புக்காளை. "எனக்குத் தெரிஞ்ச பயதான்."